நாற்பது நொடி நெத்திலி

எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் சோறு இறங்காது. இரண்டாயிரத்து எட்டாம் வருடத்துக் கோடை என்று நினைக்கிறேன். அப்படி ஒரு யோசனையைத் தூக்கிக்கொண்டு காரைக்கால் தலத்தெருவிலிருந்து எங்கள் ஊர் மண்டபத்தூர் வரைக்கும் நான் சைக்கிள் மிதித்த வேகத்தை இப்போது நினைத்தாலும் முழங்கால் வலிக்கிறது. வேலை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வயிற்றுவலி என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

தலத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை. எட்டு கம்ப்யூட்டர், நடுநடுவே பிளைவுட் தடுப்பு, ஓயாமல் சத்தம் போடும் ஒரு மின்விசிறி. பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வேன், மெயில் ஐடி உண்டாக்கித் தருவேன், பிரிண்ட் எடுப்பேன். அன்று மதியம் யாரோ மூடாமல் விட்டுப்போன திரையில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. எந்த ஊர்க்காரரோ தெரியவில்லை, ஒரு சைக்கிள் கடைக்காரர், டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இல்லை. கடைசியில் தன் கடைப் பலகையைக் காட்டிச் சிரிக்கிறார். கீழே நாற்பது ஐம்பது பேர், கடை எங்கே இருக்கிறது, நாளைக்கு வரலாமா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு கொட்டகை நிறையக் கருவாடு கிடந்தது.

அந்தக் கருவாடு அண்ணியுடையது. அண்ணன் விசைப்படகில் ஆளாகக் கடலுக்குப் போவார். அண்ணி ஏலத்தில் மீன் எடுத்துக் காயவைத்து, கூடையில் சுமந்து, பஸ் ஏறி நெடுங்காடு பக்கம் வயல்கார வீடுகளில் விற்பார். அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன, அண்ணனும் வீட்டில் கிடந்தார். அப்போதுதான் அந்தப் பேச்சு வந்தது. பஹ்ரைனில் மீன்பிடிப் படகு வேலை, இரண்டு வருட ஒப்பந்தம், ஏஜென்ட் விசா வாங்கிவிட்டார், தடை முடிகிற வாரத்தில் கிளம்ப வேண்டும். ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணன் இதைச் சொன்னபோது அண்ணி, "சரிங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவர் குழம்பில் உப்பு இல்லை. மூன்று வயதுப் பாப்பாகூட முகத்தைச் சுளித்தாள்.

அண்ணன் போகக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. சொல்லத்தான் தைரியம் இல்லை. கரையில் இருந்தே மாதாமாதம் ஒரு நல்ல வரும்படி வந்தால் அவர் ஏன் போகப்போகிறார்? இதுதான் என் கணக்கு. சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு, மூச்சு வாங்க வாங்க, "அண்ணி, நம்ம கருவாட்ட வீடியோ எடுத்து நெட்ல போடப் போறேன்" என்றேன்.

அண்ணி கொட்டகை வாசலில் நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"கருவாட்ட யாரு தம்பி படத்துல பாப்பாங்க? மோந்து பாத்துதானே வாங்குவாங்க?"

நல்ல கேள்விதான். பதில் இல்லாதபோது நான் குரலை உயர்த்துவது வழக்கம். உங்களுக்கு உலகமே தெரியவில்லை என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினேன். தொல்லை விட்டால் போதும் என்று அண்ணி ஒத்துக்கொண்டார்.

முதல் வீடியோவைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கம். அண்ணியைக் கல்யாணப் பட்டுப்புடவை கட்டச் சொன்னேன். கழுத்தில் சங்கிலி, தலையில் ஒரு முழம் மல்லிகை. பின்னால் ரோஜாப்பூ போட்ட போர்வை கட்டி, முன்னால் எவர்சில்வர் தாம்பாளத்தில் கருவாட்டை வட்டமாக அடுக்கினேன். நானே எழுதிய வசனம்: "அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களே! காரைக்கால் கடற்கரையின் கைபடாத சுவை!" கை படாமல் கருவாடு எப்படிக் காயும் என்று அண்ணி நடுவில் கேட்டார். நான் முறைத்தேன். மனப்பாடம் செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மேலே பார்த்து ஒப்பித்து முடித்தார். சிநேகிதனிடம் இரவல் வாங்கிய கேமராவில் நாலு நிமிடம் ஓடியது. அதை ஏற்றி முடிப்பதற்குள் கரண்ட் இரண்டு தடவை போனது. ஒரு வாரத்தில் பதினோரு பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஒன்பது பேர் நான்தான்.

"என்னாச்சு, உலகம் பாத்துச்சா?" என்று கேட்டார் அண்ணன், பாப்பாவுக்குத் தலை சீவிக்கொண்டே. மூக்குடைபட்டு நின்றேன். தடை முடிய ஒரு மாதத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது.

அந்தச் சைக்கிள் கடைக்காரரை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவர் அழுக்குச் சட்டையில்தான் இருந்தார். கையெல்லாம் கிரீஸ். வசனம் எதுவும் பேசவில்லை, தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை, அண்ணி கைலித் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கருவாடு அள்ளும்போது போனை நீட்டினேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய போன். அதில் ஒரு தடவைக்கு நாற்பது நொடிதான் பிடிக்க முடியும், படம் புள்ளி புள்ளியாக இருக்கும்.

"அண்ணி, வசனமெல்லாம் வேணாம். நெடுங்காட்டுல ஒரு வீட்டு வாசல்ல என்னா சொல்லுவீங்களோ அத சொல்லுங்க."

அண்ணி ஒரு கை நெத்திலியை அள்ளி, போனுக்கு நேரே நீட்டி, விரலால் கிளறிக் காட்டினார். "மண்ணு இருக்கா பாருங்க. இல்லல்ல? ஒண்ண ஒடிச்சுக் காட்டுறேன், சத்தத்தக் கேளுங்க." ஒடித்தார். நன்றாகவே கேட்டது. "கிலோ எரநூறு."

சொல்லிவிட்டு நிறுத்தினார். போனையே பார்த்தார். எதற்கு நிறுத்தினார் என்று புரியாமல் நான் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி புருவத்தை உயர்த்தினார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அப்புறம் பொறுமை போய், "என்னாங்க இது, வாயத் தொறக்காம நின்னா எப்புடி? நீங்க என்னா வெலைக்குக் கேக்குறீங்க? கேளுங்கங்குறேன்ல!" என்றார். நாற்பது நொடி முடிந்து போன் தானாக நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். எங்கள் பக்கம் கருவாடு விற்கிறவர் முதலில் சொல்லும் விலை, விலையே அல்ல. அது பேச்சை ஆரம்பிக்கிற ஒரு சத்தம். இருநூறு என்றால் வாங்குகிறவர் எண்பது என்பார், அடிப்பாவி என்பார் இவர், கூடையைத் தூக்குவது போலத் தூக்குவார், அவர் கதவைச் சாத்துவது போலச் சாத்துவார். கடைசியில் நூற்றிருபதில் முடியும். அதன்மேல் ஒரு கை கொசுறும் விழும். அண்ணிக்கு வேறு மாதிரி விற்கத் தெரியாது. போனிடமும் அப்படியே விற்றார், போன் பேரம் பேசும் என்று காத்திருந்தார்.

வேறு எடுக்க எனக்குப் பொறுமை இல்லை. அதையே ஏற்றினேன். கீழே என் போன் நம்பரையும் மெயில் ஐடியையும் பேங்க் கணக்கு நம்பரையும் போட்டேன்.

மறுநாள் காலை பிரவுசிங் சென்டர் ஷட்டரைத் தூக்கியதும் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள். நான் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை! கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து. "அக்கா, தொண்ணூறுக்குத் தர்றீங்களா?" "எரநூறா? கருவாடா தங்கமா?" "நூறு ரூபா, அதுக்கு மேல ஒரு பைசா இல்ல, நானும் நாகப்பட்டினந்தான்." சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருந்து நம் ஊர்க்காரர்கள் வந்து பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முதலாளியைக் கட்டிப்பிடித்துவிட்டேன். வயிற்றுவலி சரியாகிவிட்டதா என்று கேட்டார்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அண்ணி முதலில் நம்பவில்லை. தங்கமா என்று கேட்டவனைப் பற்றிப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தங்கம்னா தங்கந்தான்னு எழுது. அவுங்க அம்மா கையால கருவாட்டுக் கொழம்பு தின்னு எத்தன வருசம் ஆச்சுன்னு கேளு. அப்பறம் தெரியும் அவனுக்கு." எழுதிக்கொண்டேன். மறுநாள் காலை அதை அப்படியே அடித்தேன். மதியம் அவனிடமிருந்து பதில்: மூன்று வருடம் ஆச்சு, இரண்டு கிலோ அனுப்புங்கள், நூற்று நாற்பது தருகிறேன். அண்ணி அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட்டார்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் எனக்குத் திருவிழாதான். காலையில் பேரம் தலத்தெருவுக்கு வரும், சாயங்காலம் மண்டபத்தூருக்குப் போகும், மறுநாள் திரும்பிப் போகும். ஒரு கிலோ விற்க மூன்று நாள் ஆகும். யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. பிரவுசிங் சென்டருக்கு ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளைகள், இன்றைக்கு அக்கா என்ன சொன்னார்கள் என்று என்னைச் சுற்றி நின்றார்கள். நாங்கள் இன்னும் மூன்று வீடியோ போட்டோம். சுடுதண்ணீரில் கருவாடு அலசுவது ஒன்று, நல்ல வாளைக் கருவாட்டையும் கெட்ட வாளைக் கருவாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்று, அண்ணி கருவாட்டுக்கு வந்த காக்கையைத் திட்டுவது ஒன்று. எல்லாம் நாற்பது நொடிதான். காக்கைக்குத்தான் கூட்டம் அதிகம்.

பார்சல் போடுவதுதான் கஷ்டம். நாலு பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் பிஸ்கட் அட்டைப்பெட்டி, அதற்கு மேல் சாக்கு. என்றாலும் பஸ்ஸில் ஏற்றுகிறவர் மோப்பம் பிடித்துவிடுவார். "உள்ள என்னா?" "துணிங்க." "தொவைக்காத துணியா?" என்பார். ஒரு பொட்டலம் நெத்திலி கொடுத்தபிறகு அவரும் துணி என்றே எழுதிக்கொள்வார்.

அண்ணன் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார், சாக்குத் தைத்தும் கொடுப்பார். ஆனால் பஹ்ரைன் பேச்சை விடவில்லை. "ரெண்டு கிலோவும் மூணு கிலோவும் ஒரு குடும்பத்துக்குப் பத்துமாடா? வெளாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. டிக்கெட் வந்துவிட்டது. கிளம்ப ஒன்பது நாள் இருந்தது.

அப்போது வந்தது அந்த மெயில். பெங்களூரில் ஆபீஸ் போகிற தமிழ்ப் பையன்களுக்கு மெஸ் நடத்தும் ஒரு அம்மா எழுதியிருந்தார். காக்கை வீடியோவைப் பையன்கள் காட்டினார்களாம். நெத்திலி இருபது கிலோ வேண்டும், பிடித்திருந்தால் மாதாமாதம் எடுக்கிறேன், நீங்கள் சொன்ன இருநூறு சரி, பணம் இன்றே போட்டுவிட்டேன்.

நான் மூன்று தடவை படித்தேன். இருநூறு சரி! இருபது கிலோ! மாதாமாதம்! அன்றைக்கு நான் முதலாளியிடம் பொய்கூடச் சொல்லவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டேன். அண்ணன் போக வேண்டாம், இது போதும், இதைக் காட்டினால் அவரால் ஒன்றும் பேச முடியாது. வழியெல்லாம் இதையே சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

அண்ணி கேட்டுவிட்டு முகம் மாறினார்.

"எரநூறுன்னா எரநூறா? ஒண்ணுமே கேக்கலையா?"

"கேக்கல அண்ணி! அப்புடியே குடுத்துட்டாங்க!"

"அய்யய்யோ" என்றார். தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு விளங்கவில்லை. சந்தோஷத்தில் அப்படிச் செய்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

மறுநாள் நான் வேலையில் இருக்கும்போது அண்ணியே பார்சல் போட்டு, அண்ணனை விட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சாயங்காலம் வந்து கொட்டகையைப் பார்க்கிறேன், நெத்திலி இருந்த பக்கம் தரை தெரிகிறது. எவ்வளவு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். முப்பத்து மூன்று கிலோ என்றார், சாதாரணமாக. நூற்றிருபது விலைக்கு அவர் போட்ட பணத்துக்கு எவ்வளவு வருமோ, அவ்வளவு.

என் வாயில் என்னென்ன வந்ததோ எல்லாம் சொன்னேன். வந்த சீதேவியை வெளியே தள்ளிவிட்டீர்கள் என்றேன். அண்ணன் விமானம் ஏறினால் நீங்கள்தான் காரணம் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன உடனேயே தெரிந்தது. அண்ணி கண் கலங்கியது, ஆனால் குரல் இறங்கவில்லை.

"பேரம் பேசத் தெரியாத பொம்பளகிட்ட மொத வெலைய வாங்கிப் பெட்டியில வச்சா, அது வியாபாரமா தம்பி? நாளைக்கு எவளாவது அவுங்ககிட்ட நூத்தி இருவதுதான்னு சொல்லுவா. அப்பறம் என்னைய என்னான்னு நெனைப்பாங்க? நான் நாளைக்கும் விக்கணும்."

நான் வெளியே போய், கரையில் ஏற்றிக் கிடந்த படகு ஒன்றின் நிழலில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். நெட்டில் போட்ட என் புத்திசாலித்தனமெல்லாம் வீண் என்று தோன்றியது. புதிதாக வந்த பேரங்களுக்கு நான் பதில் எழுதவில்லை. கொடுக்கத்தான் நெத்திலியே இல்லையே.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லாரும் வீட்டில் இருந்தோம். அண்ணன் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார், பாப்பா ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பெங்களூர் மெஸ் அம்மா.

"ஏங்க, தப்பா எட போட்டுட்டீங்களா? பதிமூணு கிலோ கூட வந்துருக்கே?"

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"தப்பா போடலைங்க. நீங்க பேரமே பேசல. அதான் நானே உங்க பக்கத்துக்கும் பேசி, நானே கொறச்சுக்கிட்டேன்."

அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அந்த அம்மா விடாமல் சிரித்தார், அண்ணியும் சிரிக்க ஆரம்பித்தார். முகம் தெரியாத இரண்டு பெண்கள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மிச்சம் வந்ததைப் பக்கத்துத் தெருவில் இன்னொரு மெஸ்ஸுக்கும் ஒரு ஹாஸ்டலுக்கும் கொடுத்தாராம். அவர்களும் கேட்கிறார்கள், மாதம் அறுபது கிலோ முடியுமா என்றார்.

"முடியும். தட முடியட்டும். ஆனா இந்தத் தடவ ஒழுங்கா பேசுங்க. கிலோ எரநூறு."

"எண்பது" என்றார் அந்த அம்மா.

"அடியாத்தி!" அண்ணி முகம் மலர்ந்துவிட்டது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கால் மணி நேரம் நடந்தது. போனை வைத்துவிடுவேன் என்று இரண்டு பேரும் இரண்டிரண்டு தடவை மிரட்டினார்கள். நூற்று முப்பதில் முடிந்தது. கொசுறு ஒரு கிலோ. நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். அண்ணனும் பெருக்கிப் பார்த்திருப்பார், கையில் பிடித்த சட்டையை மடிக்காமல் நின்றார்.

அண்ணி போனை என்னிடம் கொடுத்தார். எழுந்திருக்கவில்லை. அண்ணனைப் பார்த்தார்.

"ஏங்க. அன்னைக்கி நீங்க ரெண்டு வருசம்னு சொன்னீங்க. நானும் ஒண்ணும் கேக்காம சரின்னுட்டேன்."

அண்ணன் விழித்தார்.

"அது என் தப்பு. இப்ப கேக்குறேன், சொல்லுங்க."

அண்ணனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. விளையாட்டு என்று நினைத்துவிட்டார். "சரி, ஒண்ணர வருசம்" என்றார்.

அண்ணி தலையை ஆட்டினார்.

"ஒரு வருசம். ஏஜென்டுகிட்ட பேசிப் பாக்குறேன்."

மறுபடி தலையை ஆட்டினார். அண்ணனின் சிரிப்பு போய்விட்டது. பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஆறு மாசம்" என்றார்.

"ஆறு மாசமும் எனக்குக் கட்டுப்படியாவாதுங்க" என்றார் அண்ணி. "ஒரு நாளும் கட்டுப்படியாவாது."

அண்ணன் கையில் இருந்த சட்டையைப் பாப்பாவிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, போனுக்காகக் கையை நீட்டினார். ஏஜென்ட் நம்பர் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.